சுவருக்கு முத்துப் போட்ட விவரம்

கோத்தா திங்கி,
4-2-1934, ஞாயிற்றுக்கிழமை.

பாலோ ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடை நடத்தி வரும் மகா கனம் பொருந்திய லெட்சுமணன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி ஐயாசாமி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் வெள்ளையம்மா, மகள் சந்திரமதி மூவரும் பூரண சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், தங்கள் சம்சாரத்தின் சுகத்தையும், தங்கள் குமாரர் அர்ச்சுனன் சுகத்தையும் மறு தபாலில் தெரியப்படுத்தக் கோருகிறேன். 'இவ்விடம் சுகம்' என்பதை எல்லாரும் கடிதத்தில் வழக்கத்துக்கு எழுதுகிற மாதிரி நானும் எழுதியிருக்கிறேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையாகவே சுகம். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அம்மை போடவில்லை. போட்டிருப்பது சுவருக்கு.

மேலே ஓர் இடத்தில் மை கொட்டினாற்போல் இருக்கும். அங்கே 'சம்பந்தி அவர்கள்' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, வெள்ளிக்கிழமையோடு போய்விட்டதா என்று புரியாமல் அடித்துவிட்டேன். தாங்களும் தங்கள் சம்சாரமும் குமாரரும் பாலோவில் ரயில் ஏறி, ஜொகூர் பாருவில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் பிடித்து, சந்திரமதியைப் பெண் பார்க்க என் வீட்டு வாசல் வரை வந்து, வாசலில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிப் போனீர்கள். அம்மை கண்ட வீடு என்று நினைத்தீர்கள். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருக்கிறது. பெண்ணுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால், ஒரு சுவரால் தட்டிப்போயிற்று என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கே எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டதும் ஆற்றுக்குப் பக்கத்தில் நானே கட்டிய வீடு இது. மற்ற எல்லாம் பலகை, கூடத்துச் சுவர் ஒன்று மட்டும் செங்கல். எங்கள் தெருவில் செங்கல் சுவர் உள்ள வீடு வேறு இல்லை என்பதால் அந்தச் சுவரின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மார்கழியில் ஆறு பெருகி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் வடிந்தது. சேற்றைக் கழுவித் தள்ளினோம். பார்ப்பதற்குச் சுவர் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அந்தச் சமயத்தில் தரகர் செல்லப்பன் வந்து, தை இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை தாங்கள் வருவதாகத் தகவல் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா போகக் கூடாதா? சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்து, "பொண்ணப் பாக்கறது அஞ்சு நிமிஷம் அண்ணே. மிச்ச நேரமெல்லாம் இந்தச் சுவத்தத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீனப் பெயிண்டர் ஆ செங்கை அழைத்து வந்தேன். அவர் சுவரை விரலால் தட்டினார், கன்னத்தை வைத்துப் பார்த்தார், "துவான் கிராணி, பெலும் கெரிங்" என்றார். இன்னும் காயவில்லை என்று அர்த்தம். சந்திரமதியும் சமையலறையிலிருந்து வந்து, "உள்ள ஈரம் இருக்குப்பா. ஒரு மாசம் போகட்டுமே" என்றாள். ஒரு மாதம் போனால் தை போய்விடும், தாங்களும் போய்விடுவீர்கள். நான் இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஐந்நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டவன். ஐந்நூறு பேர் கேட்ட பேச்சை ஒரு சுவர் கேட்காதா என்று நினைத்துவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து எண்ணெய்ப் பெயிண்டு வரவழைத்து, ரோஸ் வர்ணத்தில் இரண்டு கை அடிக்கச் சொன்னேன். ஆ செங் அடித்து முடித்து, பிரஷைக் கழுவும்போது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேலை திருப்தியாக வந்ததற்கு ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போகியன்று அடித்து முடிந்தது. பொங்கலன்று சுவர் கண்ணைப் பறித்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மாட்டுப் பொங்கலன்று பார்த்தால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் யாரோ காப்பியைச் சிந்தினாற்போல் மஞ்சளாக ஒரு கறை. மறுநாள் அது முழங்கால் உயரம் ஏறிப் பழுப்பாகிவிட்டது. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஈரத் துணியால் துடைத்தேன், கறை போகவில்லை, ரோஸ் போயிற்று. அலமாரியை நகர்த்தி மறைத்தோம், கறை அலமாரிக்கு மேலே ஏறி எட்டிப்பார்த்தது. பிறகு எனக்கே ஒரு யோசனை தோன்றி, கரியடுப்பைப் பற்றவைத்துச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுவதும் வைத்தேன். சூடு பட்டதும் பெயிண்டு உப்பிக்கொண்டு, சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம் கிளம்பிவிட்டது. ஒன்றை விரலால் அழுத்தினேன். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. தாங்கள் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த சமயம் ஆ செங் வந்து பார்த்திருக்கிறார். வீட்டில் வெள்ளையம்மா மட்டும் இருந்திருக்கிறாள். அவள் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் மலாய் என்றால் மீன்காரரோடு பேசுகிற அளவுதான். ஆ செங் சுவரைக் காட்டி, "கப்பூர். தீகா காலி. ஹாபிஸ், பாயிக்" என்று சொல்லி மூன்று விரலையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மலாயில் கப்பூர் என்றால் சுண்ணாம்பு. பெயிண்டைச் சுரண்டிவிட்டு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தால் சரியாகிவிடும் என்பது அவர் சொன்னது. வெள்ளையம்மா காதில் அது கற்பூரம் என்று விழுந்தது. கற்பூரம், மூன்று தடவை. "அந்த மனுசருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாமப் போச்சே" என்று வெட்கப்பட்டு, தலைக்குக் குளித்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, சுவருக்கு மூன்று சுற்றுக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ராசம்மா உள்ளே வந்திருக்கிறார்.

ராசம்மா என்ன கண்டார் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். தை வெள்ளிக்கிழமை. குளித்த தலையோடு ஒரு சுமங்கலி கற்பூரம் காட்டுகிறாள். எதிரே சுவர் நிறைய முத்து முத்தாகக் கொப்புளம். அம்மைக் கொப்புளத்தை நாம் முத்து என்றுதானே சொல்கிறோம். "ஆத்தா முத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்காளே" என்று ராசம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். வெள்ளையம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் விழுந்த பிறகு நாம் மட்டும் நிற்கக் கூடாதே என்று அவளும் விழுந்திருக்கிறாள்.

நான் திரும்பி வரும்போது வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே சுவருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. "இது ஈரம் அம்மா, வெறும் ஈரம்" என்றேன். "ஆமாங்க கிராணி, ஆத்தா குளுந்து போயி வந்திருக்கா" என்றார் ராசம்மா. "வெள்ளத் தண்ணி உள்ளே இருக்கு" என்றேன். "தண்ணியிலேயேதான் வந்திருக்கா" என்றார். நான் எதைச் சொன்னாலும் அது அவர் பக்கத்துக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சுற்றுத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஆட்கள் வந்தார்கள். ஆத்தாவின் சூடு தணியட்டும் என்று குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைச் சுவரில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற ஈரம் ஏறியது, ஈரம் ஏற ஏறக் கொப்புளம் கூடியது, கொப்புளம் கூடக் கூட லாரியும் கூடியது. "புது முத்துப் போடறா, இன்னும் ஊத்துங்க" என்று ராசம்மா முன்னே நின்று நடத்தினார். சந்திரமதி மட்டும் என்னைத் தனியாக அழைத்து, "தண்ணி ஊத்தறத நிறுத்தச் சொல்லுப்பா, ஆத்தா தானாப் போயிருவா" என்றாள். சாமி விஷயத்தில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று அதட்டிவிட்டேன். அப்போது அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஆ செங்கிடம் ஓடினேன். கப்பூர் என்றால் எது என்ற விவரம் அங்கேதான் எனக்கு விளங்கியது. அவரும் சுரண்டியும் சுண்ணாம்பு வாளியுமாக உடனே வந்தார். ராசம்மா குறுக்கே நின்று, "ஆத்தா மூஞ்சியில சுண்ணாம்பு பூசுவீங்களா, பூசுங்க பாப்போம்" என்றார். ஆ செங் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு மூலையில் இருந்த கொப்புளங்களை மட்டும் மெதுவாக எண்ணினார். அந்த எண்ணின் மேல் சீனர்களின் பன்னிரண்டு நம்பர் சூதாட்டச் சீட்டில் பணம் வைத்திருக்கிறார். பரிசு விழுந்துவிட்டது. மறுநாள் ஒரு கட்டு ஊதுவத்தியோடு வந்து சுவருக்கு முன்னால் நட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சுண்ணாம்பைப் பற்றி அவரிடம் பேச்செடுக்க முடியவில்லை.

தங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை, என் நிலைமையும் சரியாக இல்லை. காலையில் எழுந்து தனியாகப் பார்த்தால் அது ஈரக் கறை. கூட்டம் வந்து நின்ற பிறகு பார்த்தால் எனக்கும் கண்ணும் மூக்கும் தெரிகிறது. ஒரு நாள் பழக்கத்தில் துணியை எடுத்துத் துடைக்கப் போய், பாதியில் பயம் பிடித்து, அதே துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டேன். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்படியே தை இருபதும் வந்துவிட்டது. அன்று காலையில் ராசம்மாவும் மற்றப் பெண்களும் மஞ்சள் துணியில் சுற்றிய வேப்பிலைக் கொத்துகளை எடுத்து வந்து, வாசல் நிலையில் வரிசையாகக் கட்டினார்கள். கட்டுகிற இடத்தில் நான் இருந்தேனா என்று கேட்பீர்கள். இருந்தேன். அவர்கள் ஏறி நின்ற ஸ்டூல் ஆடிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான். தாங்கள் வருகிற நாளாயிற்றே, பெண் பார்க்கும் வீட்டுக்குத் தோரணம் கட்டுகிறார்கள் என்று நினைத்து, "ரொம்ப உபகாரம்" என்றும் சொன்னேன். வாசலில் வேப்பிலை கட்டினால் அம்மை கண்ட வீடு என்று பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு வாரமாக வீடு முழுக்க வேப்பிலையாகவே பார்த்துப் பார்த்து, அன்று காலையில் அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. அதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

தாங்கள் வழி கேட்டது காப்பிக் கடை மணியத்திடம் என்று பிறகு தெரிந்தது. அவர் நல்லவர். தங்களிடம் என்ன சொன்னார் என்று நேரில் போய்க் கேட்டேன். "ஐயாசாமி கிராணி வீடு எதுன்னு கேட்டாங்க. ஆத்தா வந்திருக்காளே, அந்த வீடான்னு கேட்டேன். முகம் ஒரு மாதிரியாப் போச்சு. பயப்படாதீங்க, ரெண்டு வாரமா இருக்கா, இன்னும் எறங்கல, முத்து நாளுக்கு நாள் கூடிக்கிட்டுத்தான் இருக்கு, நீங்களும் போயிக் கும்பிட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். நல்லதுதானே சொன்னேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இதைக் கேட்ட பிறகும் தாங்கள் வாசல் வரை வந்தீர்களே, அதற்கே நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து நடந்தது தங்களுக்கே தெரியும், ஆனாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் நின்ற சத்தம் கேட்டுக் கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தங்கள் சம்சாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்புகிறது. அப்போதுதான் நிலையில் கட்டியிருந்தது என் கண்ணில் பட்டது. அதைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டேன் பாருங்கள் என்று தங்களுக்குத் தெரியட்டும் என்று கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே ஓடிவந்தேன். "ஆத்தா சுவத்துலதாங்க வந்திருக்கா, எங்க மேல இல்லீங்க" என்று கத்தினேன். அம்மை வீட்டிலிருந்து ஒருவன் வேப்பிலையோடு துரத்தி வருகிறான் என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வேகமாக ஓட ஓட மோட்டாரும் வேகமாக ஓடியது. பாலத்தடியில் மூச்சு நின்றுவிட்டது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது சந்திரமதி உள் அறையில் பட்டுப் புடவையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "மோட்டார் வந்த சத்தம் கேட்டுச்சுப்பா. ஒடனே போன சத்தமும் கேட்டுச்சு" என்றாள். அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். தலையில் வைத்திருந்த பூச்சரத்தை எடுத்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். "இதுக்கே இருக்கட்டும்பா. எல்லாரும் இதப் பாக்கத்தானே வராங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் வெள்ளைக்காரத் துரை திட்டி எனக்குக் கண்ணீர் வந்ததில்லை. அன்று கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

ஆகையால் தங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் அம்மை இல்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். என் வார்த்தை போதாது என்றால், பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ராஜசேகரன் அவர்களை இன்று வரவழைத்து எங்கள் மூவரையும் பரிசோதிக்கச் செய்து, சர்ட்டிபிகேட் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். மூவர் உடம்பிலும் ஒரு முத்துக்கூட இல்லை என்று அதில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சுவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதக் கேட்டேன், மறுத்துவிட்டார். தை முடியப் போகிறதென்றால் மாசியிலும் நல்ல நாள் இருக்கிறது. தாங்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மோட்டாரில் இருந்தபடியே பார்த்தாலும் போதும். சந்திரமதி வாசலில் வந்து நிற்பாள். அவளைப் பார்த்தால் தங்களுக்குப் பிடித்துப்போகும், அதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

தங்கள் சம்சாரத்துக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், சிரஞ்சீவி அர்ச்சுனனுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். தங்கள் கடையும் குடும்பமும் குறைவில்லாமல் நடக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எந்த மாரியம்மன் என்று கேட்காதீர்கள், கோயிலில் இருப்பவளைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஐயாசாமி.

பி.கு. 10-2-34, சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் மூடியிருந்ததால் இந்தக் கடிதத்தை மறுநாள் போடுவதற்கு வைத்திருந்தேன். மறுநாள் காலையில் எழுந்ததும் முதுகில் ஏதோ உறுத்தியது. வெள்ளையம்மா பார்த்துவிட்டுக் கற்பூரத் தட்டை எடுக்கப் போனாள். டிரெஸ்ஸர் வந்தார். சின்னம்மை. முதுகில் மட்டும் இருபத்து மூன்று. லாரியில் வந்த கூட்டத்தில் யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கிறது என்கிறார். எனக்கு நிஜமாகவே போட்டுவிட்டது என்று தெரிந்ததும் ராசம்மா உள்பட ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் சுவர் சுண்ணாம்பு அடிக்கிற அளவுக்குக் காய்ந்து, கொப்புளமெல்லாம் உதிர்ந்து, ஆ செங் நேற்று மூன்றாவது தடவையும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. டிரெஸ்ஸர் தம் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்கிறார். அது இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இருக்காது என்பதால் நான் கொடுக்கவில்லை. படித்ததும் தாங்களே அவருக்கு அனுப்பிவிடவும். வாசலில் மறுபடியும் வேப்பிலை கட்டியிருக்கிறது, இந்தத் தடவை சரியாகத்தான் கட்டியிருக்கிறது. மூன்றாம் தண்ணீர் விட்டதும் எடுத்துவிடுவோம். வெள்ளையம்மாவுக்கும் சந்திரமதிக்கும் முன்பே போட்டுவிட்டதால் பயமில்லை. சந்திரமதிதான் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொள்கிறாள். இந்தக் காகிதத்தைத் தொடுவதற்கு முன் நெருப்பு அனலில் நன்றாகக் காட்டிவிட்டுப் பிரிக்கும்படி டிரெஸ்ஸர் எழுதச் சொன்னார். அதை முதல் வரியில் அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று சந்திரமதி இப்போது சொல்கிறாள். இதனால் தங்கள் வீட்டில் யாருக்காவது ஒன்றிரண்டு முத்துப் போட்டுவிட்டால் உடனே எழுதவும். நாங்கள் மூவரும் அடுத்த ரயிலில் வந்து பார்த்துக்கொள்கிறோம். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தாலும் நாங்கள் திரும்பிப் போக மாட்டோம்.